சமாதியும் தகனமும்

திருச்சிற்றம்பலம்

தொண்டைநாட்டின் கீழ்கடற் பக்கத்தே ஆரணியாற்றின் கரையில் அமைந்த பொன்னேரி, அகத்தீசுவரர் திருக்கோயிலாற் சைவர்க்கும், கரிகிருட்டிணப் பெருமாள் திருக்கோயிலால் வைணவர்க்கும் உரிமைப் பதியாய் விளங்குவது. சித்திரைத் திருவிழாவில் அவ்விரு மூர்த்திகளும் எழுந்தருளி எதிரெதிரே சந்திக்குங் காட்சியைக் காண நாற்புறத்தாரும் வந்து திரளுவர். அப்பொன்னேரியை அடுத்துள்ள சிற்றூர் சின்னக்காவணம். இராமலிங்க அடிகளை ஈன்ற சின்னம்மையார் பிறந்த ஊர் அதுவே. அடிகள் 1823-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 5-ஆம் நாள் தில்லையை அடுத்த மருதூரிற் பிறந்தனர். பிறந்து சில திங்கள் கழியுமுன்னரே, ஊர்க்கணக்கராய் இருந்த தந்தையார் இராமையா பிள்ளை இறந்துபட்டனர். கைம்மை எய்திய சின்னம்மையார் தம் மக்களை அழைத்துக்கொண்டு பிறந்தகமாகிய சின்னக்காவணத்திற்கு மீண்டு, சிறிது காலம் ஆண்டு வைகிப் பின்னர்ச் சென்னைக்குச் சென்றனர் என்பது அடிகள் வரலாறு எழுதினோர் யாவர்க்கும் ஒப்ப முடிந்தது.

அக்குழவி வளர்ந்து அடிகளாகிய பின்னர், 1871-ஆம் ஆண்டில், தம்மைச் சார்ந்தோர்க்கு அறிக்கை ஒன்று விடுத்தனர். ‘சமாதி வற்புறுத்தல்’ என்னும் பெயரால் அது வழங்குகின்றது. இறந்தார் உடலைத் தீயில் இடுதல் கூடாது, சமாதியில் வைத்தலே செய்யத்தக்கது என்பது அதன் கருத்து. அதனோடு அமையாது, கணவன் இறந்தவழி மனைவி தாலி களைதல் வேண்டா எனவும், மனைவி இறந்தவழிக் கணவன் வேறு மணத்திற்கு முயலுதல் வேண்டா எனவும், மக்கள் இறந்தவழித் துயருறுதல் வேண்டா எனவும், கருமாதி முதலிய சடங்குகளைச் செய்யாது ஒரு நாளில் வந்தார்க்கு உணவளித்தலே போதும் எனவும் அவ்வறிக்கை கூறாநிற்கும். இறந்தார் இறைவன் அருளால் மீண்டெழுவர் என்னுந் துணிபே அடிகள் இவ்வாறு வற்புறுத்தியதற்கு ஏதுவாகும்.

இஃது ஒருபுறம் நிற்க. இந்நாளிற் பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கங்களில் தொழிற்சாலைகள் மல்கிப் பல ஊர்களினின்றும் குடிகள் வந்து நிறைந்துள்ளனர். தம் முன்னோர் வெந்த சுடலை எங்கேயோ இருக்க, தாம் குடியேறிய ஊரில் தாய் தந்தையர் உடலை யாது செய்வது என்னும் வினா இவர்தம் இல்லங்களில் எழுகின்றது. சிலர் எரிவாயுத் தகன மேடையை நாடுகின்றனர். சிலர் புதைத்து, மேடை கட்டி, பெயரும் படமும் பொறித்த கல்லை நிறுத்துகின்றனர். வேறு சிலர், ‘எம் தந்தையார் சிவபத்தியிற் சிறந்தவர்’ என்று கூறி, அம்மேடைமேற் சிவலிங்கத்தையே நாட்டிவிடுகின்றனர். முதலிரண்டும் ஒருபுறமாக, இம்மூன்றாவது செயலைச் சைவர் ஆழ்ந்து எண்ணல் வேண்டும். சமாதி இன்னார்க்கு உரியது, தகனம் இன்னார்க்கு உரியது, இலிங்கத் தாபனம் இன்னவிடத்துச் செய்யப்படுவது என்னும் வரையறை சைவத்தில் உண்டு. அவ்வரையறையைத் தெரிந்துகொள்ளுதற்குப் பொன்னேரியைச் சூழ்ந்த நாடே போதிய சான்றுகளை வைத்திருக்கின்றது. மேற்கே திருவாலங்காடும், தெற்கே திருவொற்றியூரும், வடகிழக்கே கடலோரத்துப் பழவேற்காடும் அச்சான்றுகள் உள்ள இடங்களாம். அவற்றை ஆராயுமுன் பழந்தமிழர் வழக்கைச் சுருங்கக் காண்டல் நலம்.

‘புதைத்தலே தமிழர் வழக்கு, எரித்தல் வடவர் கொணர்ந்தது’ என எழுதுவார் சிலர். ‘எரித்தலே உயர்ந்தோர் வழக்கு, புதைத்தல் இழிந்தோர்க்கு உரியது’ என வாதிடுவார் மற்றுஞ் சிலர். இருதிறத்தாரும் பழைய நூல்களை நோக்கிற்றிலர் போலும். பொருநைக்கரை ஆதிச்சநல்லூரில் 1876-ஆம் ஆண்டு செருமானியராகிய யாகோர் என்பாரும், 1899 முதற் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ என்பாரும் அகழ்ந்தெடுத்த தாழிகள் புதைக்கும் வழக்கின் பழமையைப் புலப்படுத்தும். பல்லாவரத்தில் கால்கள் பல வைத்துச் செய்த சுடுமண் ஈமப்பேழைகளும் கிடைத்துள்ளன. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் இறந்தபோது, அவனுக்கேற்ற தாழியை வனைய இயலுமோ எனக் குயவனை வினாவி ஐயூர் முடவனார் பாடினர். முடியுடை வேந்தனுக்கே தாழி உரியதாயிருக்கவும் புதைத்தலை இழிந்தார் வழக்கென்பது எங்ஙனம்? அதியமான் நெடுமானஞ்சியின் ஈமத்தீயைக் கண்டு ஔவையார் இரங்கியதும், சேரமான் மாக்கோதை தன் தேவி ஈமத்தில் வெந்தமை நினைந்து புலம்பியதும் அதே புறநானூற்றில் உள்ளன. அங்ஙனமிருக்க எரித்தலை அயலார் வழக்கென்பதுதான் எங்ஙனம்?

நம்பி நெடுஞ்செழியன் இறந்துழிப் பேரெயின் முறுவலார் பாடிய புறப்பாட்டு இவ்வழக்கிற்கு முடிவு கூறுவது போன்றது. அவன் செய்யத்தக்கன யாவும் செய்து முடித்தான் என்று அடுக்கிக் கூறிய அப்புலவர், இனி அவனுடலைப் புதைப்பினும் எரிப்பினும் வந்தவாறு வருக என்று முடித்தனர். இரண்டும் அருகருகே வழங்கியமையும், இரண்டனுள் ஒன்றே உயர்ந்தது என்னும் பிணக்கு அக்காலத்தார்க்கு இல்லாமையும் இதனால் அறியப்படும். மணிமேகலையிற் சக்கரவாளக் கோட்டத்தைக் கூறுமிடத்து, எரிப்போரும், வாளா இட்டுச் செல்வோரும், குழியிற் புதைப்போரும், தாழ்ந்த அறையில் அடைப்போரும், தாழியாற் கவிப்போரும் என ஐவகையார் ஒரு காட்டிலேயே காணப்படுகின்றனர். துறவிகட்கும் அரசர்க்கும் கணவரோடு இறந்த மகளிர்க்கும் செங்கல்லால் எடுத்த கோட்டங்களும் ஆண்டுக் கூறப்பட்டன. ஆகவே கல்லறை எழுப்புதலும் புதிய வழக்கன்று.

வழக்கு இவ்வாறு பலவாய்க் கிடந்ததனைச் சைவ நூல்கள் ஓர் ஒழுங்கிற் கொணர்ந்தன. அவ்வொழுங்கிற்கு அடிப்படை குலமும் அன்று, நாடும் அன்று, உயிரின் நிலையே. பருவுடலை விட்டு நீங்கிய உயிர் நுண்ணுடலோடு வினைவழிச் செல்லும். நீங்கிய பருவுடல் பூதங்களின் கூட்டமாதலின் அதற்கு மேல்வரும் பயன் ஒன்றில்லை. ஆயினும், தீக்கை பெற்றான் ஒருவன் ஒழுக்கத்தில் வழுவியும் நாட்கடன்களிற் குறைந்தும் இருத்தல் கூடும். அக்குறைகள் தீர்தற்கு இறுதியில் ஒரு தீக்கை வேண்டுமென்று ஆகமங்கள் விதித்தன. பதினோராம் நூற்றாண்டினராகிய சோமசம்புவும் பன்னிரண்டாம் நூற்றாண்டினராகிய அகோரசிவாசாரியரும் தத்தம் பத்ததிகளில் இதனை விரித்துரைத்தனர். ஆசிரியன் மந்திர வலியால் இறந்தானது உயிரை ஈர்த்து அவ்வுடலிற் கூட்டி, எஞ்சிய பாசத்தை அத்துவாக்களின் வழியே சோதித்து நீக்கிச் சிவத்தோடு சேர்த்தபின், அவ்வுடலைச் சிவாக்கினியில் ஆகுதியாக இடுகின்றான். இதுவே அந்தியேட்டி. ஈற்றில் நிகழும் வேள்வி என்பது இச்சொல்லின் பொருள். எனவே சைவ இல்லறத்தானுக்குச் சுடலைத்தீ பிணத்தை ஒழிக்குங் கருவி மாத்திரம் அன்று. அவன் வாழ்நாளிற் பெற்ற தீக்கைகளுள் கடைசித் தீக்கை அதுவாம். யாழ்ப்பாணத்துச் சைவர் திருப்பொற்சுண்ணம் ஓதி உரலிற் சுண்ணம் இடித்து இறந்தார்மேற் பூசிய பின்னரே ஈமத்திற்குக் கொண்டுசெல்லும் வழக்கம் இவ்வுணர்ச்சியைப் போற்றி வருவது. தமிழ்நாட்டிலோ இக்கிரியையைப் பொருள் தெரிந்து செய்விப்பார் அருகிவிட்டனர். அடியந்திரத்துச் செலவே பெருகிற்று.

தீயிடுங் காட்டைச் சைவர் அஞ்சி வெறாமைக்கு வேறொரு காரணமும் உண்டு. இறைவன் ஆடுமிடம் அதுவேயன்றோ? அதனை நேரிற் கண்டார்போலப் பாடியவர் காரைக்காலம்மையார். பாடிய பதி திருவாலங்காடு. இரத்தினசபை என இன்று பொன்னும் மணியும் பெயரிற் கொண்டு விளங்கும் அவ்விடம் அம்மையார் மூத்த திருப்பதிகங்களிற் பேயும் நரியும் திரியும் சுடுகாடாகவே காட்சி தருகின்றது. அம்மையார் தலையால் நடந்த பதியை மிதித்தற்கு அஞ்சித் திருஞானசம்பந்தர் அணித்தாகிய பழையனூரில் தங்கினர் என்பர். அம்மையார்க்குச் சமாதி என ஓரிடம் ஆண்டுக் காட்டப்படுவதில்லை. ஆடும் பெருமான் திருவடிக்கீழ் அவர் இருக்கின்றார் என்பதே சைவர் கொண்ட கொள்கை. அப்பழையனூரிலேதான் வாக்குத் தவறாமைப் பொருட்டு வேளாளர் எழுபதின்மர் தீப்பாய்ந்தனர் என்னும் வரலாறும் வழங்குகின்றது.

இனி, சமாதி யார்க்கு உரியது? திருமூலர் ஏழாந் தந்திரத்திற் ‘சமாதிக் கிரியை’ என ஒரு பகுதியே வகுத்து இதற்கு விடை கூறினர். சிவஞானம் கைவந்தார் உடலை எரித்தலால் நாட்டிற்குக் கேடு விளையும் என எச்சரித்து, நிலத்தில் குகை அமைத்து அதனுள் வைக்குமாறு விதித்தனர். அக்குகையின் ஆழம் இத்தனை சாண், சுற்றளவு இத்தனை சாண் என்றும், ஐவகை உலோகமும் ஒன்பான் மணியும் பரப்பி ஆசனம் இடுக என்றும், திருநீறும் சுண்ணமும் நிறைக்க என்றும் அளவும் முறையும் வரையறுத்துள்ளார். அவர் வாழ்ந்த மனையின் பக்கம், வழியோரம், குளக்கரை, ஆற்றிடை, சோலை, காடு, மலைச்சாரல் முதலியன இடங்களாம். இறுதியில் அவர் கூறுவதே இங்கு இன்றியமையாதது. சமாதியின்மேல் அரசமரம், சிவலிங்கம் என்னும் இரண்டில் ஒன்றைத் தாபித்து, அதற்குப் பதினாறு வகை உபசாரமும் அன்போடு செய்தல் வேண்டும். அஃதாவது, இலிங்கம் அடையாளக்கல்லாக நிறுத்தப்படுவதன்று. பூசனைக்குரிய மூர்த்தியாகத் தாபிக்கப்படுவது. சமாதி உற்றார் பெயர் அதில் இல்லை. அவர் சிவமாயினர் ஆதலின் பெயர் வேறு வேண்டப்படவில்லை. ஆதீனங்களில் குருமூர்த்திகளின் சமாதிகள்மேல் இலிங்கம் எழுந்தருளியிருத்தலும், குருபூசை வழுவாது நடத்தப்படுதலும் இவ்விதியின்படியே.

இவ்விரு முறைகளும் ஒருவர் வாழ்க்கையிலேயே நிகழ்ந்தமைக்குப் பட்டினத்தடிகள் சான்று. துறவு பூண்டும் தாய்க்குத் தாமே ஈமக்கடன் செய்வதாக அவர் முன்னரே வாக்களித்திருந்தனர். தாயார் இறந்ததும் வந்து, சுற்றத்தார் அடுக்கிய விறகை விலக்கிப் பச்சை வாழைமட்டைகளை அடுக்கி, உருகிப் பாடித் தீ மூளச் செய்தனர் என்ப. அத்தகையார் தாம் மறைந்தது திருவொற்றியூர்க் கடற்கரையில். மீனவச் சிறார்களோடு ஆடித் தம்மைக் கூடையால் மூடச் செய்து, சிறார் திறந்து பார்த்தபோது இலிங்கமாய் இருந்தனர் என்பது கேள்வி. அக்கோயில் இன்றும் கடலை நோக்கி நிற்கின்றது. ஈன்ற தாய்பால் அவர்க்கிருந்த அன்பிற்கு எல்லையில்லை. ஆயினும் தாய்க்குச் சமாதி எடுத்தாரல்லர். அன்பு மிகுந்தமையாற் சமாதி வைத்தேம் என்பார் இதனைச் சிந்திப்பாராக.

அற்றேல், சோழ மன்னர்க்குப் பள்ளிப்படை எடுத்தமை என்னை எனின், கூறுதும். காளத்தியை அடுத்த தொண்டைமானாற்றூரில் முதலாம் ஆதித்தன் 907-ஆம் ஆண்டளவில் இறந்தான். அவன் மகனாகிய முதற் பராந்தகன் ஆண்டு ஆதித்தேசுவரம் என்னும் கற்றளி எடுத்தான். ஆற்றூர்த் துஞ்சிய அரிஞ்சயனுக்கு முதல் இராசராசன் மேற்பாடியில் எடுத்தது அரிஞ்சிகையீசுவரம். தன் சிற்றன்னையருள் ஒருவராகிய பஞ்சவன்மாதேவிக்கு முதல் இராசேந்திரன் பழையாறையில் எடுத்தது பஞ்சவன்மாதேவீசுவரம். இவர்களெல்லாம் உடலோடு புதைக்கப்பட்டனர் என்று கொள்ளுதற்கில்லை. சுந்தரசோழன் இறந்தபோது அவன் தேவி வானவன்மாதேவி எரியிற் புகுந்தாள் எனத் திருக்கோவலூர்க் கல்வெட்டுக் கூறலின், அரசர் உடல் தீயிலிடப்பட்டமை தெளிவு. அவ்வம்மையார் கணவனைத் தொடர்ந்து சென்ற செய்தியைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகளும் கூறும். 1905-ஆம் ஆண்டிற் கிடைத்த அச்செப்பேடுகள் பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவர்க்குக் கொடுத்தமையைப் பதிவு செய்வன.

ஆயின் இல்லறத்தாராகிய அரசர்க்கு இலிங்கம் நாட்டப்பட்டதே எனின், நாட்டப்பட்டது உண்மையே. ஆனால் நாட்டியவர் வாளா விட்டுச் சென்றாரல்லர். நிலங் கொடுத்தனர், விளக்கிற்கு ஆடும் பொன்னும் வைத்தனர், பூசனைக்கும் விழாவிற்கும் ஆட்களை அமைத்தனர், பஞ்சவன்மாதேவீசுவரத்திற்கு இலகுலீச பண்டிதர் ஒருவர் மடத்துத் தலைவராய் இருந்தமையும் அறியப்படுகின்றது. இத்துணைப் பெரிய ஏற்பாடுகள் செய்தும், அக்கோயில் பிற்காலத்துத் தன் பழம்பெயரும் மறைந்து ‘இராமநாதன் கோயில்’ என வழங்கலாயிற்று. பேரரசன் எடுத்த பள்ளிப்படையே இந்நிலை எய்திற்றெனின், மூன்று சென்ட் நிலத்தில் ஒரு குடும்பத்தார் நாட்டிய இலிங்கம் அவர் பேரன் காலத்து எந்நிலை எய்தும்? நிலம் விற்கப்படும், மதில் மாறும், இலிங்கம் வெயிலில் நிற்கும். சிவாலயத்து இலிங்கத்திற்கு ஒரு வேளைப் பூசை குன்றினும் பிராயச்சித்தம் விதிக்கின்ற ஆகமம் இதனைப் பொறுக்குமா?

ஈண்டுப் பழவேற்காட்டை நோக்கல் வேண்டும். ஒல்லாந்தர் 1610-ஆம் ஆண்டு விசயநகர வேந்தன் வேங்கடபதியின் இசைவு பெற்று அங்கே பண்டசாலை அமைத்து, 1613-இற் செல்திரியாக் கோட்டையைக் கட்டினர். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்க்குத் தலைமையிடம் அதுவே. பின்னர் அது நாகப்பட்டினத்திற்கு மாறிற்று. 1825-இல் ஊர் முடிவாக ஆங்கிலேயர் கைப்பட்டது. கோட்டை அழிந்தது, அறுவையும் மிளகும் ஏற்றிய வாணிகமும் அழிந்தது, எஞ்சியிருப்பது அவர்தம் இடுகாடு. அதன் வாயிலின் இருமருங்கும் கல்லிற் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். உள்ளே எழுபதுக்கு மேற்பட்ட கல்லறைகள் உள. சில கூம்பிய கோபுரம் போல்வன. சில கவிந்த குடை போல்வன. பல நிலத்தோடு படிந்த பெருங் கற்பலகைகள். அவற்றில் இறந்தார் பெயர், அவர் வகித்த பதவி, பிறந்த நாள், இறந்த நாள், குடும்பத்து இலச்சினை முதலியன ஒல்லாந்த எழுத்தில் ஆழ வெட்டப்பட்டுள்ளன. முன்னர்க் கூறிய அலெக்சாண்டர் ரீ என்பாரே, ஆதிச்சநல்லூரில் அகழ்வதற்கு முன்பு, சென்னை மாகாணத்து ஒல்லாந்தர் நினைவுச் சின்னங்களை ஆராய்ந்து 1897-இல் ஒரு நூல் வெளியிட்டனர். பெயர் இல்லாத தாழிகளையும் பெயரே நிறைந்த பலகைகளையும் ஒருவரே ஆராய நேர்ந்தது.

அப்பலகைகளின் வேலைப்பாடு வியக்கத்தக்கது. இக்கரையின் கருங்கல்லில் இக்கரைத் தச்சர் செதுக்கிய கல்லறைப் பலகைகள் கப்பலேறி இலங்கைக்கும் சாவகத்துப் பத்தாவியாவிற்கும் சென்றன. ‘சோழமண்டலக் கல்’ என்றே அந்நாடுகளில் அவை பெயர் பெற்றன. கோயிற் றூண்களில் யாளியும் கொடிக்கருக்கும் வடித்த கைகள் அயன்மொழி எழுத்தையும் பிழையின்றி வெட்டின என்பது நம் நாட்டுக் கற்றச்சர்க்கு ஒரு பெருமை.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் குருவாய் 1630-ஆம் ஆண்டுகளில் இருந்த ஆபிரகாம் ரோகேரியசு என்பார், பத்துமநாபன் என்னும் அந்தணர் ஒருவர்பாற் கேட்டறிந்து, இந்நாட்டார் பிறப்பு முதல் இறப்பு ஈறாக ஒழுகும் ஒழுக்கங்களை ஒரு நூலாக எழுதினர். அவர் இறந்தபின் 1651-இல் அது வெளிவந்தது. ஐரோப்பியர் இந்நாட்டுச் சமயத்தை விரிவாக அறிந்த முதல் நூல்களுள் அஃது ஒன்று.

கிறித்தவர் உடலைப் புதைத்துப் பெயர்க்கல் நிறுத்துவது, இறுதி நாளில் உடலோடு எழுதல் உண்டு என்னும் நம்பிக்கையால். அது அவர் சமயத்துக்கு இயைந்தது, இகழத்தக்கதன்று. இராமலிங்க அடிகளும் இறந்தார் எழுதலையே காரணமாகக் காட்டுதலின், அவர் அதனைக் கிறித்தவர்பாற் கொண்டனர் என்பாரும் உளர். ஒப்புமை ஒன்றே கொண்டு கடன்பட்டார் எனல் ஆராய்ச்சி முறையன்று. சித்தர் மரபிற் காயசித்தி பேசப்பட்டது ஒல்லாந்தர் வருகைக்கு நெடுங்காலம் முன்னரேயாம். இங்குக் கருதத்தக்கது வேறு. பழவேற்காட்டில் உறங்குவோர்க்கு வழிபடவும் விளக்கேற்றவும் சுற்றத்தார் எவரும் இலர். இந்தியத் தொல்லியல் துறையாரின் காவலில் அக்கற்கள் நிற்கின்றன. அதனாற் குற்றம் ஒன்றும் நேரவில்லை. என்னை? பெயர்க்கல் பூசனையை வேண்டுவதன்று. புல் முளைப்பினும் அது பெயரைச் சொல்லிக்கொண்டு கிடக்கும். சிவலிங்கம் அத்தகையதன்று. ஆகலின், இறந்தார் நினைவிற்குக் கல் ஒன்று வேண்டும் என்று மனம் அமையாதார், பெயர்க்கல் நிறுத்துதல் சைவ வழக்கன்றாயினும், இலிங்கம் நாட்டி அதனைக் கைவிடுதலினும் அது குறைந்த பிழையேயாம்.

இனி அடிகள் அறிக்கைக்கு மீள்வாம். அருட்பா பற்றி எழுந்த பழைய பூசலை ஈண்டுக் கிளறுதல் வேண்டற்பாலதன்று. எல்லார்க்கும் சமாதியே என்னும் அவர் விதியைச் சித்தாந்திகள் ஏற்கவில்லை, ஏற்றற்கும் இயலாது. எரித்தால் எழுப்புதல் கூடாது என்பது கருத்தாயின், மயிலையிற் சிவநேசர் செய்தது யாது? அரவு தீண்டி இறந்த பூம்பாவையைத் தகனஞ் செய்து, எலும்பையும் சாம்பலையும் குடத்தில் வைத்திருந்தனர். அக்குடத்தினின்றே திருஞானசம்பந்தர் பாடி அவளை எழுப்பினர் எனச் சேக்கிழார் உரைத்தனர். உடல் முழுதும் கிடப்பினும் சாம்பலாய்க் கிடப்பினும் இறைவன் அருளுக்கு வேற்றுமை இல்லை என்பது அதனாற் போதரும். மேலும் எழுந்த பூம்பாவையைச் சிவநேசர் மணஞ்செய்து கொடுக்க முற்பட்டபோது சம்பந்தர் மறுத்தமையும், அவள் சிவனை நினைந்தே வாழ்ந்து சிவத்தை அடைந்தமையும் நோக்குக. எழுப்பியது வாழ்வித்தற்கே, உடலை நிலைபெறுவித்தற்கன்று.

ஆயினும் அவ்வறிக்கை முழுவதையும் தள்ளிவிடுதல் நேர்மையன்று. தாலி களைதலையும், கடன்பட்டுக் கருமாதி நடத்துதலையும் விலக்கிய பகுதிகளுக்குச் சித்தாந்தத்தோடு முரண்பாடு சிறிதும் இல்லை. கணவனை இழந்தாளைப் பத்தாம் நாள் இரவில் நடுவே இருத்தி வளை உடைத்துத் தாலி வாங்கும் கொடுமையை எந்த ஆகமம் விதித்தது? அந்தியேட்டி உயிரைச் சிவத்தோடு சேர்க்குங் கிரியை; மனைவியை மங்கலத்தினின்று பிரிக்குங் கிரியை அன்று. பத்ததிகளை வரிவரியாகப் புரட்டினும் இதற்கு இடங் காண்டல் அரிது. தாம் பிறந்த சில திங்களிலேயே தாயின் கழுத்து வறிதாயிற்று. அத்தாய் கைக்குழவியோடு சின்னக்காவணத்து மனையில் வந்து ஒதுங்கினாள். அத்தாயின் மகன் எழுதிய வரி இது. சமாதியைப் பற்றி அடிகளோடு மாறுபடும் சைவர், இதனைப் பற்றி மாறுபடுதற்கு ஏது இல்லை. சைவக் குடும்பங்கள் பலவற்றில் இக்கொடுமை இன்னும் நிகழ்ந்து வருதல் நாணத்தக்கது.

நடைமுறையில் ஒன்று கூறல் வேண்டும். சொந்த நிலமாயிற்றே என்று நினைந்த இடத்திற் புதைத்தலும் எரித்தலும் இப்பொழுது இயலா. 1999-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு ஊராட்சி விதிகள், உரிமம் பெற்ற இடுகாடு சுடுகாடுகளிலன்றிப் பிறவிடத்து அவற்றைத் தடுக்கின்றன. ஞானிகள் சமாதிக்குத் திருமூலர் மனைப்பக்கத்தையும் குளக்கரையையும் கூறினரேயெனின், அது ஞானிகட்குக் கூறியது. அத்தகையார் ஒரு தலைமுறையில் எத்துணையர்? எஞ்சிய இல்லறத்தார்க்கு ஊர்ச் சுடலையே போதும். எரிவாயு மேடையில் இடினும் தீ தீயே. முன்னர்ச் செய்யவேண்டிய கிரியையைச் செய்து கொண்டுசென்றாற் குறை ஒன்றும் இல்லை. எலும்பைக் கடலிற் சேர்த்தற்குப் பொன்னேரியார்க்குத் தொலைவும் அதிகம் இல்லை.

இறந்தார் பெயரால் ஏதேனும் நிலைபெறல் வேண்டும் என்னும் வேட்கை இயற்கையே. அதற்குப் பழைய சைவர் கண்ட வழி ஒன்று தொண்டைநாட்டுப் பிரமதேசத்துக் கல்வெட்டிற் காணப்படுகின்றது. முதல் இராசேந்திரன் 1044-ஆம் ஆண்டில் அவ்வூரில் இறந்தான். அவன் தேவியருள் ஒருவராகிய வீரமாதேவி அவனோடு உயிர்துறந்தாள். அவ்வம்மையாரின் உடன்பிறந்தானும் சேனாபதியுமாகிய மதுராந்தகன் பரகேசரி வேளான், அவ்விருவர் தாகமும் தணிதற்பொருட்டு, அவ்வூரில் வழிச்செல்வார்க்குத் தண்ணீர்ப்பந்தல் ஒன்று நடத்துமாறு நிலம் விட்டான்.

திருச்சிற்றம்பலம்